டில்லிக்குப் பதில் ஒரு பெட்டி

போன மாதம் ஒரு கடையில் நான் வாயடைத்து நின்றேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்கள் இதை நம்ப மாட்டீர்கள். கன்டெய்னர் லாரி டிரைவரிலிருந்து கல்யாண மண்டப மேனேஜர் வரை எல்லோரையும் திட்டித் தீர்த்தவள் நான். குக்கர் வாங்கப் போனாலும் அதில் என்ன கோளாறு என்றுதான் முதலில் பார்ப்பேன். அதனாலேயே எங்கள் தெருவில் யார் எதை வாங்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் சொல்கிற எதையும் நம்பாத ஆள் ஒன்று கூட வேண்டுமே!

அப்படித்தான் ரெஜினாவும் கூப்பிட்டாள்.

"எக்கா, கீபோர்டு ஒண்ணு பாக்கப் போறோம். நீயும் வா. வந்து நல்லா திட்டு."

ரெஜினா எங்கள் எதிர்வீடு. பிறந்தது ராயபுரம். சின்ன வயதிலேயே சர்ச்சில் கீபோர்டு பழகியவள். கட்டிக்கொண்டது திருவொற்றியூர் டில்லியை. டில்லி டோலக் வாசிக்கிறவர். காதல் கல்யாணம். சண்டையும் அதே அளவுக்கு உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை காதுகுத்து, வளைகாப்பு, ரிசப்ஷன் என்றால் இவர்கள்தான். விசேஷ வீட்டுக்காரர்களுக்கு வசதி இருந்தால் ஒரு பாடகர் வருவார். இல்லையென்றால் பாட்டை ரெஜினாவின் விரலே பாடும், பக்கத்தில் டில்லி அடிப்பார். ரெண்டே ரெண்டு பேர். அதுதான் மொத்த டிரூப்பும்.

ரெஜினாவின் பழைய கீபோர்டு ரொம்பச் சாதாரணமானது. அமுக்கினால் சத்தம் வரும், அவ்வளவுதான். அதையும் கடல் காற்று தின்றுவிட்டது. எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை... உப்பு ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையே சாயங்காலம் வேறு நிறத்தில்தான் திரும்பி வரும். கீபோர்டு மட்டும் தாங்குமா? முதலில் நடுவில் ஒரு கட்டை செத்தது.

ரிப்பேர் செய்தாள். மறுபடி செத்தது. அப்புறம் விட்டுவிட்டாள். அந்தக் கட்டை வருகிற இடத்தில் விரலைத் தாண்டிப் போகப் பழக்கிக்கொண்டாள். விரல் தாண்டுவதை டில்லி ஓரக்கண்ணால் பார்த்து, சரியாக அந்த இடத்தில் டோலக்கில் கூடுதலாக ஒரு தட்டு போட்டு ஓட்டையை அடைப்பார். பிரியாணி சாப்பிடுகிற கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியுமா? தெரியாது. இப்படியே ஓடிக்கொண்டிருந்தது வண்டி.

இப்போது இன்னும் சில கட்டைகள் போய்விட்டன. எத்தனை இடத்தில்தான் தாண்டுவாள்?

பார்க்கப் போனது அரேஞ்சர் கீபோர்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்... எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். இடது கையால் ஒரு கார்டு, அதாவது இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்து, பிடித்தால் போதும். டிரம்ஸ், பேஸ் கிட்டார், வயலின் கூட்டம் எல்லாம் பெட்டிக்குள்ளிருந்தே கூட வாசிக்கும். கார்டை மாற்றினால் அத்தனை பேரும் சேர்ந்து மாறுவார்கள். வலது கையில் நீங்கள் பாட்டை வாசித்துக்கொண்டு போகலாம். ஒரே ஆள், ஒரு முழுக் கச்சேரி.

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். டிரம்ஸையும் தாளத்தையும் பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்றால்... டில்லி?

ஏற்கெனவே சில வீடுகளில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "டோலக்லாம் இன்னாத்துக்கும்மா? கீபோர்டுலயே எல்லாம் வருதாமே, நீ மட்டும் வா." இதை டில்லியை நிற்க வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். வெட்கமே இல்லை.

அதனால் நான் அந்தக் கடைக்குள் நுழைந்தபோதே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் நுழைந்தேன். காரணங்களைத் தேடுவது மட்டும்தான் பாக்கி.

ஏசி குளிர். டை கட்டிய விற்பனைக்காரர், எங்கள் வயதுதான் இருக்கும். நான் ஆரம்பித்தேன்.

"எங்க ஊர் காத்துக்கு இரும்பு கேட்டே துரு புடிச்சு உதிருது. இது தாங்குமா?"

"எந்த கீபோர்டும் தாங்காது மேடம்" என்றார். "வாசிச்சு முடிச்சதும் துடைச்சு, கவர் போட்டு மூடி வைக்கணும். அப்பவும் பிரச்சினை வரலாம்."

எனக்குப் பாதி கோபம் அங்கேயே வீணாகிவிட்டது. உண்மையைச் சொல்கிற கடைக்காரரை எப்படித் திட்டுவது?

"ரிப்பேர்னா?"

"கட்டை போனா நாங்களே பாப்போம். உள்ள போர்டு போச்சுன்னா வெளியூர்ல இருந்து வரணும். நாள் ஆகும்."

"அந்த நாள்ல முகூர்த்தம் வந்தா நாங்க இன்னா பண்றது, வாயால வாசிக்கிறதா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அடுத்து நம்ம ஊர் தாளம் இருக்கிறதா என்று கேட்டேன். 'இந்தியன்' என்று ஒரு பட்டனை அமுக்கினார். வந்தது பாருங்கள் ஒரு அடி... டில்லி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே, இது வடக்க மாப்ள குதிர மேல குந்திகினு வருவானே, அந்த அடி. இதுக்கு நம்மாளு ஆட மாட்டான். எய்ந்து போய் கை கழுவிடுவான்."

"உங்க அடியை நீங்களே இதுக்குள்ள பதிஞ்சு வெச்சுக்கலாம் சார்" என்றார் விற்பனைக்காரர்.

டில்லியின் சிரிப்பு அங்கே கொஞ்சம் நின்றது. எனக்குச் சுருக்கென்றது. தன் அடியைத் தானே பெட்டிக்குள் போட்டுவிட்டு, அப்புறம் வீட்டில் உட்கார வேண்டியதா? என்ன அநியாயம் இது?

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னிடம், "மேடம், நீங்க ஒரு விரல் வைங்க. இங்க, இடது பக்கம்" என்றார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது."

"அதனாலதான் சொல்றேன்."

வைத்தேன்.

என்ன சொல்வது? ஒரு விரல்தான் வைத்தேன். அந்த ஒரு விரலுக்கு ஒரு கூட்டமே எழுந்து நின்றது. அடியில் பேஸ் நடந்தது. மேலே வயலின்கள் ஒன்றாக மூச்சு இழுத்தன. டிரம்ஸ் என் நெஞ்சுக்குள் அடித்தது. பயந்து போய் விரலைப் பக்கத்துக் கட்டைக்கு மாற்றினேன். அத்தனை பேரும் என்னோடு வந்தார்கள்! ஒருத்தர்கூடப் பின்தங்கவில்லை. வீட்டில் நான் "சாப்பிட வாங்க" என்று கத்தினால் ஒரு ஆள் திரும்புவதில்லை. இங்கே ஒரு விரலை நகர்த்தியதற்கு ஒரு படையே திரும்புகிறது.

கை மயிர் சிலிர்த்து நின்றுவிட்டது. அது நின்றதற்காகவே எனக்கு எரிச்சல் வந்தது. திட்ட வந்தவள் ஐயா நான்!

"எக்கா, வாய மூடு. ஈ பூந்துரப் போவுது" என்றார் டில்லி.

அப்புறம் ரெஜினா உட்கார்ந்தாள். பாடகர் திடீரென்று "அரைக் கட்டை எறக்கும்மா, தொண்டை சரியில்ல" என்பாராம். அப்படிச் சொன்னால் மொத்தப் பாட்டையும் வேறு கட்டைகளில் மாற்றி வாசிக்க வேண்டும். இவ்வளவு வருஷமும் அந்த அரைக் கட்டையில்தான் அவளுக்கு உயிர் போகும். இதில் ஒரே ஒரு பட்டன். விரல் போட்டது போட்டபடி, சுருதி மட்டும் இறங்கியது. ரெஜினா அந்தப் பட்டனை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி... குழந்தை சுவிட்ச் போட்டுப் பார்க்குமே, அப்படி.

பிறகு ஒரு பாட்டை வாசித்தாள். நடுவில் விரல் ஒரு இடத்தைத் தாண்டியது. பழைய பெட்டியில் செத்துப்போன அதே கட்டை. புதுப் பெட்டியிலும் தாண்டினாள்!

டில்லிதான் பார்த்தார்.

"இன்னாமே தாண்டுற? அந்தக் கட்ட இதுல உயிரோடதான் கீது. தொடு."

தொட்டாள். சத்தம் வந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் சிரித்துக்கொண்டார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கிட்டார்களின் விலையைப் பார்க்கிற மாதிரி நின்றேன்.

கிளம்பும் நேரத்தில் டில்லி விற்பனைக்காரரிடம் போய், "அண்ணே, அதுல டோலக் மட்டும் கேக்கலாமா?" என்றார்.

மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு டோலக்கை மட்டும் ஓட விட்டார் அவர். டில்லி தலையைச் சாய்த்துக் கேட்டார். நிறுத்தச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். வேகத்தை ஏற்றச் சொன்னார். அதன் பக்கத்திலேயே காதை வைத்தார்.

"நம்மளவுட சுத்தமா அடிக்குது எக்கா" என்றார். "வேர்க்கவே இல்ல பாரு அதுக்கு."

கோபமோ வருத்தமோ இல்லாமல், கோயில் தேரை அண்ணாந்து பார்க்கிறவர் மாதிரி சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது. அழுகை வந்தால் நான் திட்டுவேன். "ஐயா, இதுக்கு மேல இங்க நின்னா காத்துக்கும் பில்லு போடுவாங்க, வாங்க" என்று இருவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் வழியில் ஷேர் ஆட்டோ லாரி வரிசையில் மாட்டிக்கொண்டது. எப்போது மாட்டாமல் இருந்திருக்கிறது? முன்னால் கன்டெய்னர், பின்னால் கன்டெய்னர், நடுவில் நாங்கள் மூன்று பேரும் ஒரு பெட்டியைப் பற்றிய பஞ்சாயத்தும்.

வேண்டும் என்பதற்குக் காரணங்கள் வரிசையாக வந்தன. பழையது இனி ஓடாது. புதிது வந்தால் பெரிய மண்டபத்து ஆர்டர் எடுக்கலாம். சுருதிப் பிரச்சினை தீர்ந்தது. ஸ்பீக்கரும் அதிலேயே இருக்கிறது, சின்ன விசேஷத்துக்குத் தனி சவுண்டு செட் வேண்டாம். வேண்டாம் என்பதற்கும் குறைவில்லை. விலை... அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை, உங்களுக்கும் மயக்கம் வரும். உப்புக் காற்று. ரிப்பேர். ஆங்கிலத்தில் ஆயிரம் மெனு. கரண்ட் போனால் வெறும் பலகை.

எல்லாவற்றையும் ரெஜினா தலையாட்டிக் கேட்டாள். கடைசியில், "வேணாம் எக்கா" என்றாள். "பழசுலயே ரெண்டு கட்டய மாத்திகினு ஓட்டிக்கிறேன்."

"ஏன்மே?" என்றார் டில்லி.

"வேணாம்னா வேணாம். அத்த வாங்கிட்டா நீ எங்கய்யா குந்துவ?"

அதுதான் விஷயம். கடையில் அத்தனை கேள்வி கேட்டோம், இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இடது பக்கத்தில் உட்கார்ந்த ஆள். அந்த இடத்தில் ஒரு பட்டனா?

டில்லி ரொம்ப லேசாகச் சொன்னார்: "நான் எங்க குந்துவேன்? மொத பந்தில குந்துவேன். இத்தினி வருசமா கடசி பந்தில வெறும் ரசத்த ஊத்திகினு வரோம். ஒரு நாளாவது பீஸ் துண்ணலாமுல்ல?"

ரெஜினா சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா, இல்லை விட்டுக்கொடுக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நான்தான் ஒரு வழி சொன்னேன். திருவொற்றியூரிலேயே சவுண்டு சர்வீஸ்காரர் ஒருவர் இதே மாதிரிப் பெட்டியை வாடகைக்கு விடுகிறார். ஒரு விசேஷத்துக்கு எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். டோலக்கும் உறையோடு மேடைக்கு அடியில் இருக்கட்டும், பெட்டி காலை வாரினால் டில்லி ஏறிக்கொள்ளட்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... பெட்டி காலை வார வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. ஷாமியானா பந்தல். மொட்டை போட்டு, தலையில் சந்தனம் அப்பிய குழந்தை, தாய்மாமன் மடியில்.

காதுகுத்துக் கச்சேரியில் ஒரு முறை இருக்கிறது. ஆசாரி ஊசியை எடுத்ததும் தாளத்தை ஏற்ற வேண்டும். குழந்தையின் கவனம் திரும்ப வேண்டும் என்பதற்காக. குத்தி முடித்த நொடியில் சட்டென்று நிறுத்த வேண்டும். அப்போது குழந்தை வீறிடுவது பந்தல் முழுக்கக் கேட்கும். எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாக்காரி மட்டும் அழுவாள். மிட்டாய் கொடுத்து, காக்கா காட்டி, ஏமாற்றி... அப்புறம்தான் இன்னொரு காது. எங்கே நிறுத்துவது என்பதற்கு ரெஜினாவும் டில்லியும் வைத்திருக்கிற ஜாடை ஒன்றுதான். அவள் முகவாயை இடது பக்கம் லேசாகத் தூக்குவாள். அவர் நிறுத்துவார். பேச்சே கிடையாது.

அன்றைக்கு டில்லி எனக்குப் பக்கத்தில், முதல் வரிசையில், பிளாஸ்டிக் சேரில்.

ரெஜினா ஆரம்பித்தாள்.

நான் டில்லியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர் கைப்பிடியில் தாளம் போடுவார், துடிப்பார், மேடைக்கு ஓடத் தவிப்பார் என்று எதிர்பார்த்தேன். கை அசையவில்லை. இரண்டு கையும் தொடை மேல் கிடந்தன, யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி. வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஆசாரி ஊசியை எடுத்தார். ரெஜினா வேகத்தை ஏற்றினாள். அந்தப் பெட்டி ஏறியது பாருங்கள்... பந்தல் கம்பு அதிர்ந்தது. ஆசாரி முதல் காதைக் குத்தினார். ரெஜினா, எப்போதும் போல, முகவாயை இடது பக்கம் தூக்கினாள்.

இடது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

பெட்டிக்கு முகவாய் தெரியுமா? அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை வாயைப் பிளந்து கத்துகிறது, ஒரு சத்தமும் வெளியே கேட்கவில்லை. ரெஜினா மறுபடி முகவாயைத் தூக்கினாள். மறுபடியும். எந்தப் பட்டன் நிறுத்துவது என்பது பதற்றத்தில் மறந்தே போய்விட்டது. விட்டுவிட முடியுமா? வலது கை ஓடிக்கொண்டே இருந்தது. புதிது புதிதாக ஏதேதோ வாசித்தாள். நான் ஜென்மத்தில் கேட்காத சங்கதிகள் எல்லாம் வந்து விழுந்தன. மாமன் வீட்டு ஆட்கள் நான்கு பேர் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் டில்லியை இடித்தேன். "யோவ், உன்னத்தான் கூப்புடுறா! போய் நிறுத்துய்யா!"

"இரு எக்கா" என்றார். கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் இரு."

அந்த ஆசாரி இருக்கிறாரே, பலே ஆள். பாட்டு நிற்கவில்லை, தாய்மாமன் பிடியையும் விடவில்லை... அதே அமளியில் இரண்டாவது காதையும் குத்தி முடித்துவிட்டார்! குழந்தைக்கு எந்தக் காதுக்கு அழுவது என்றே தெரியவில்லை. சமாதானம் இல்லை, மிட்டாய் இல்லை, காக்கா இல்லை.

அதன் பிறகுதான் டில்லி எழுந்து, மெதுவாக நடந்து போய், கடையில் பார்த்து வைத்திருந்த ஒரு பட்டனை அமுக்கினார். பெட்டி அழகாக ஒரு முடிவு வாசித்து நின்றது. கைத்தட்டல் என்றால் அப்படி ஒரு கைத்தட்டல்.

ஆசாரி ரெஜினாவிடம் வந்து, "எம்மா, இனிமே எல்லா காதுகுத்துக்கும் இதே மாரி நிறுத்தாம போடு. நமக்கு வேல ஒரே மூச்சுல முடியுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெஜினாவுக்கு அது காதிலேயே விழவில்லை. டில்லியைத்தான் முறைத்தாள்.

"இன்னாய்யா, நான் அங்க மொகத்த மொகத்த தூக்கிகினு கீறேன், நீ பராக்கு பாத்துகினு குந்திகினு கீற? போவட்டும். பொட்டி எப்டி கீது, அத்த சொல்லு."

டில்லி சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தா பாரு ரெஜி. டோலக் மடியில இருந்தா காதுக்குள்ள டோலக்குதான் கேக்கும். ஸ்பீக்கரு எதிர்பக்கம் பாத்துகினு கெடக்கும். இத்தினி வருசமா உன் வெரலத்தான் பாத்துகினு இருந்தேன், மொகவாயத்தான் பாத்துகினு இருந்தேன். நீ வாசிச்சு நான் கேட்டதே இல்லமே. இன்னிக்குத்தான் கேட்டேன்."

"சரிய்யா... பொட்டி எப்டி கீது?"

"பொட்டியா? அத்த எங்க நான் கேட்டேன்?"

ரெஜினா திரும்பிக்கொண்டு வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றிய வயரையே மறுபடி மறுபடி சுற்றினாள். கொஞ்சம் கழித்து, முதுகைக் காட்டியபடியே, "அடுத்த பங்ஷனுக்கு டோலக்க எடுத்துகினு மேல வந்து குந்து. பொட்டிக்கு ஜாட புரியல" என்றாள்.

"வரேன் வரேன். மொத பாட்டு மட்டும் கீய குந்திகினு கேட்டுட்டு, அப்பால வரேன்."

நான் மேடைக்கு அடியிலிருந்து டோலக்கை எடுத்து ஆட்டோவில் வைத்தேன்.

இந்த வாரம் பெட்டி வாங்கப் போகிறார்கள். நானே வாங்கச் சொல்லிவிட்டேன். வேறென்ன செய்ய? வேண்டாம் என்பதற்கு நான் வைத்திருந்த முதல் காரணமே அந்த டில்லிதான். அவரே கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்கிறாரே!